குழாயடிப் பேருரை

கொல்கத்தாவுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. லேக் மார்க்கெட்டில் வங்காள மொழியில் பேரம் பேசி வாழைப்பூ வாங்குவேன். என் வீட்டுச் சமையலறைக் குழாய் எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பது மட்டும் தெரியாது. போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு அந்தக் குட்டு வெளிப்பட்டது.

மறுநாள் காலை ஒரு சங்கக் கூட்டத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு, 'கைத்தொழிற் கல்வியின் தத்துவம்'. மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். 1906, சுதேசிக் காலம். தேசியக் கல்வி வேண்டும் என்பதில் கல்கத்தாப் பெரியவர்கள் எல்லோரும் ஒன்று. எந்தக் கல்வி என்பதில் இரண்டு. இலக்கியம், விஞ்ஞானம், தொழில் எல்லாம் சேர்ந்த கல்வியே கல்வி என்றவர்கள் அரவிந்தரை முதல்வராக வைத்துத் தேசியக் கல்லூரி தொடங்கினார்கள். முதலில் தொழிலைக் கற்றுக்கொடுங்கள் என்ற தாரக்நாத் பாலித் கோஷ்டி, அதற்குச் சில வாரம் முன்பே வங்கத் தொழில்நுட்பக் கழகத்தைத் திறந்துவிட்டது. 1910-இல் இரண்டும் ஒன்றாயின. தாக்குப்பிடித்தது தொழில் பக்கம்தான். அதுதான் வளர்ந்து 1955-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆயிற்று. இதற்கெல்லாம் வாரி வழங்கியவர் வக்கீல் ராஷ்பிஹாரி கோஷ். எங்கள் பேட்டை ராஷ்பிஹாரி அவென்யூ அவர் பெயரில்தான். இருபது வருஷம் அதைப் புரட்சிக்காரர் ராஷ்பிஹாரி போஸ் என்று நினைத்து, ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் வெடிகுண்டுக் கதை சொல்லியிருக்கிறேன்.

"கையைப் பத்திதானே எழுதறீங்க? அந்தக் கையால இந்தக் குழாய்ச் சொட்டைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றாள் மனைவி.

என் கையின் பூர்வ சரித்திரம் அவளுக்குத் தெரியாது. கும்பகோணத்தில் ஆறாம் வகுப்பில் எங்களுக்குத் தக்ளி வகுப்பு உண்டு. 1937-இல் வார்தாவில் காந்தி சொன்ன ஆதாரக் கல்வியின் மிச்சம். நூற்கும்போதே கணக்கும் சரித்திரமும் கூடவே வரும் என்பது அவர் எண்ணம். எனக்கு நூல் அறுந்துகொண்டே இருக்கும். பக்கத்துப் பையனுக்குப் பத்து பைசா கொடுத்து என் பங்கையும் நூற்க வைத்தேன். கணக்கு அவனுக்குத்தான் வந்தது: மாசக் கடைசியில் பதினைந்து பைசா கேட்டான்.

அன்று இரவு ஸ்பேனரை எடுத்து, வீடியோ பார்த்து, திருகினேன். குழாயின் தலை கழன்று மேலே போய் இடித்தது. தண்ணீர் உரையின் மேல் விழுந்தது. மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டி வால்வை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, மனைவியை விட்டு மிஸ்திரிக்குப் போன் போடச் சொன்னேன்.

மிஸ்திரி தாதா (நம்மூர் தாதா இல்லை, இங்கே அண்ணன் என்று அர்த்தம்) பதினெட்டு வயசுப் பையன் ஒருவனோடு வந்தார். பையன் குழாய்ப் பக்கமே வரவில்லை. நேராக மாடிக்குப் போனான், தண்ணீர் நின்றது. பிறகு வந்து என் கட்டைவிரலைப் பார்த்து, "காக்கு, இனி எடுக்கலாம்" என்றான் (காக்கு என்றால் சித்தப்பா). பழைய வாஷரை என்னிடம் காட்டி, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொன்னான். தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாதா அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்த மாதிரி இல்லை. வேலை முழுக்க அவன் கையில். அவர் பீடியோடு நின்று இரண்டு தடவை "ஊஹும்" என்றார், அவ்வளவுதான்.

வேலை நடக்கும் இடம் போலவே பயிலும் இடமும் இருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்து தேர்ந்தவனே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் 1917-இல் தொழிற்கல்விச் சட்டம் வர உழைத்த சார்லஸ் பிராசரின் விதி. இருக்கிற இயந்திரத்துக்கு ஏற்ற ஆளைத் தயாரிப்பதா கல்வி என்று ஜான் டூயி மறுபக்கம் சண்டை போட்டார். என் உரையின் நனைந்த காகிதத்தில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஊறிக் கிடந்தார்கள்.

என் மகனும் ஒரு காலத்தில் கையால் வேலை செய்ய ஆசைப்பட்டவன்தான். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் என்றான். நான் 1953-ஐ எடுத்துவிட்டேன்: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டம், அதைக் குலக்கல்வி என்று எதிர்த்து எழுந்த போராட்டம், 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டது. எதிர்த்தவர்கள் நியாயம் பெரிய நியாயம். அதை நான் பயன்படுத்திய இடம்தான் சின்னது. என் தாத்தா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அப்பா கிளைவ் தெருவில் டைப்பிஸ்ட். நான் ஹெட் கிளார்க். அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டக் கூடாது என்று ஒரு மணி நேரம் முழங்கி, அவனையும் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

மறுநாள் கூட்டத்தில் நன்றாகவே கைதட்டினார்கள். சாயங்காலம் அந்தப் பையன் தனியாக வந்தான். ஏதோ பயிற்சி வகுப்பில் சேர ஆங்கிலத்தில் விண்ணப்பம் நிரப்ப வேண்டுமாம். எனக்கு உச்சி குளிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்து, நல்ல பேனாவை எடுத்து, பரம்பரைத் தொழிலில் இறங்கினேன். பிறந்த தேதிக் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தக் கூடாது என்று கீழே அச்சடித்திருந்தது.

பையன் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்து நீட்டினான். "எங்கே போனாலும் எதுவும் ரெண்டு இருக்கணும்னு தாதா சொல்வார், காக்கு."