அஷ்டமி நவமியில் கடலில் குதிக்கலாமா?

சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்திலிருந்து ஒரே உறையில் ஒரு கத்தைக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஊர் நண்பர்கள் சிலர் அந்தமானுக்குக் கிளம்புகிறார்களாம். ஆழத்தில் இருக்கும் பவளப்பாறை ஒன்றில் நீரோட்டத்தோடு போகிற ‘டிரிஃப்ட் டைவ்’ செய்ய ஆசையாம். உறைக்குள் இல்லத்தரசி ஒருவரின் கேள்வியும் இருந்தது. கனமான கேள்வி என்பதால் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நீரோட்டம்தான் இழுத்துக்கொண்டு போகிறதே, இதில் திட்டம் போட என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவர்)

திசை ஒன்றுதான் கடலின் கையில். ஆழம், நேரம், காற்று, படகு நான்கும் உங்கள் பொறுப்பு. சாதாரண டைவில் படகு நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றைப் பிடித்து இறங்கி, அதே கயிற்றில் ஏறி வரலாம். டிரிஃப்ட் டைவில் இறங்கும் இடம் ஒன்று, ஏறும் இடம் வேறு. நீரோட்டம் ஒரு நாட் வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர். நாற்பது நிமிடத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்பீர்கள். துடுப்புக் காலணி மாட்டிய நல்ல நீச்சல்காரருக்கே ஒரு நாட் ஓட்டத்தை எதிர்த்து நெடுநேரம் நீந்த முடியாது. அதனால் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடவேண்டும்: எங்கே ஏறுவோம், அப்போது படகு எங்கே இருக்கும், கையில் எவ்வளவு காற்று மிச்சம். குதிப்பது பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும்.

திருப்பதி மாவட்டத்திலேயே கடற்கரை இருக்கிறது. அந்தமானுக்கு ஏன் செலவழித்துப் போகவேண்டும்? (சிக்கனக்காரர்)

நம் கரை மணற்கரை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். பவளத்துக்கோ தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். மன்னார் வளைகுடாவில் பவளம் உண்டு. 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் அங்கே பவளப்பாறைகள் ஆழமில்லாதவை, கட்டுப்பாடுகளும் அதிகம். நீங்கள் கேட்கிற ஆழம் அந்தமானின் ஹேவ்லாக் பக்கம் கிடைக்கும். 2018 டிசம்பரிலிருந்து அந்தத் தீவுக்குப் பெயர் ஸ்வராஜ் தீவு. அங்கே டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ் என்று பெயர்பெற்ற பாறைகள் இருக்கின்றன. சுமார் 30 மீட்டர் வரை இறங்குபவை. டிக்சனும் ஜானியும் யாரோ வெள்ளைக்காரத் துரைகள் என்று நினைத்துவிடாதீர்கள். 1925-ல் பர்மாவிலிருந்து வந்து அந்தமானில் குடியேறிய கரேன் சமூகத்தைச் சேர்ந்த டைவ் மாஸ்டர்கள்.

நாள் பார்க்கலாமா? பாட்டி பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறார். (பேரன்)

பாட்டி பஞ்சாங்கத்தைத் தாராளமாகப் பாருங்கள். பலனை மட்டும் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் கூடும், நீரோட்டமும் சீறும். அரைநிலவு நாட்களில் அந்த வித்தியாசம் குறையும், ஓட்டம் சாதுவாகும். அதாவது, நல்ல காரியத்துக்கு ஆகாதென்று நாம் தள்ளிவைக்கும் அஷ்டமி, நவமிதான் முதல்முறை போகிறவருக்குச் சுபதினம்!

ஆனால் பஞ்சாங்கம் நாளைத்தான் சொல்லும். முகூர்த்தத்தை உள்ளூர் டைவ் மாஸ்டர்தான் சொல்லவேண்டும். ஏற்றம் வற்றமாகவும் வற்றம் ஏற்றமாகவும் மாறும்போது, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீர் சற்று நின்று திரும்பும். ஒவ்வொரு பாறையிலும் அந்த நேரம் முன்பின்னாக இருக்கும். காற்றும் பருவமும் அதை இன்னும் குழப்பும். கரையில் ஓதம் திரும்பிவிட்டது என்பதற்காகப் பாறையிலும் திரும்பியிருக்கும் என்று நம்பிக் குதித்தால் அன்றைக்கு உங்கள் ராகுகாலம்.

சிலிண்டர் நிறைய காற்று இருக்கும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாமே? (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்)

ஐயா, நீங்களே இப்படிக் கேட்கலாமா? கணக்கைப் போடுவோம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,200 லிட்டர் காற்று. நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம் கூடுவதால் 30 மீட்டரில் அது நான்கு மடங்கு. நிமிடத்துக்கு 80 லிட்டர். இப்படியே போனால் 27 நிமிடத்தில் சிலிண்டர் காலி.

ஆனால் காலியாகும்வரை அங்கே இருக்கக்கூடாது. கூட வருகிறவருடைய மூச்சுக்கருவி (ரெகுலேட்டர்) மக்கர் செய்து, அவரும் உங்கள் காற்றிலேயே மேலே வரவேண்டிய நிலைமையை யோசியுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார்கள். கீழே சுதாரிக்க ஒரு நிமிடம்: 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏற மூன்றேகால் நிமிடத்துக்குமேல்: 500 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 270 லிட்டர். ஆகமொத்தம் ஆயிரத்துச் சொச்சம். சிலிண்டர் கணக்கில் 90 பாருக்கு மேல். எனவே முள் 100-ஐத் தொட்டதும் மேலே கிளம்பிவிட வேண்டும். 30 மீட்டரில் உங்களுக்கு மிஞ்சுவது 13 நிமிடம் சொச்சம். அந்த ஆழத்தில், உடம்பில் கரையும் நைட்ரஜனுக்காக, ‘பாடி’ (PADI) என்கிற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணை தரும் உச்சவரம்பு 20 நிமிடம். அதை எட்டுமுன்பே காற்று உங்களைக் கிளப்பிவிடும். இவ்வளவு செலவழித்து 13 நிமிடமா என்று கேட்காதீர்கள். பாறையின் உச்சி இன்னும் மேலே இருக்கிறது. அங்கே மீனும் அதிகம், வெளிச்சமும் அதிகம், காற்றும் மெதுவாகத்தான் செலவாகும்.

கடலுக்கடியில் ஓட்டம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அங்கே வேப்பமரமா ஆடிக்காட்டும்? (மாந்தோப்புக்காரர்)

மீன்களைப் பாருங்கள். கூட்டமாக ஒரே பக்கம் முகம் வைத்து, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கும். அவை பார்க்கிற பக்கத்திலிருந்துதான் தண்ணீர் வருகிறது. இரையும் அதில்தான் வருகிறது. விசிறிப் பவளங்கள் ஓட்டத்துக்குக் குறுக்கே விரிந்திருக்கும். அப்புறம் உங்கள் மூச்சுக்குமிழிகள். அவை மேலே போகாமல் கீழ்நோக்கிச் சுழன்றால் தண்ணீர் உங்களை ஆழத்துக்கு இழுக்கிறது என்று பொருள். அப்போது பாறைச்சுவரை ஒட்டியே போராடாமல் விலகித் திறந்த கடல்பக்கம் நீந்துங்கள். புகைப்படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழ் வைத்திருக்கிறேன். போதுமா? (விசைத்தறிக்காரர்)

அது 18 மீட்டருக்கான அனுமதி. 30 மீட்டருக்கு ‘அட்வான்ஸ்டு’ முடிக்கவேண்டும். இருசக்கர உரிமத்தோடு லாரி ஓட்டினால் சித்தூர் போலீஸ் விடுமா?

மேலே வந்தபிறகு படகு நம்மைக் கண்டுபிடிக்காவிட்டால்? (பயந்த சுபாவம்)

உங்களைத்தான் இந்தக் குழுவுக்குத் தலைவராக்கவேண்டும்! அலை நடுவே மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுக்குக்கூடத் தெரியாது. அதற்காகத்தான் எஸ்.எம்.பி. என்கிற ஆரஞ்சு நிறக் காற்றுக்குழல், ஓர் ஆள் உயரத்துக்கு. பாதுகாப்பு நிறுத்தத்துக்கு வரும்போதே அதன் வாயில் கொஞ்சம் காற்றை ஊதி மேலே அனுப்பினால் நீர்மட்டத்தில் நிமிர்ந்து நிற்கும்; படகுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே கூட வருவார். ஒன்று முக்கியம்: குழலில் கட்டிய நூலின் சுருளைக் கையில் பிடியுங்கள், உடம்பில் மாட்டாதீர்கள். நூல் சிக்கினால் குழலோடு நீங்களும் மேலே பறப்பீர்கள்; 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் திட்டம் அதோடு சரி. கூட இறங்கிய ஜோடியைக் காணவில்லையா? ஒரு நிமிடம் தேடுங்கள். இல்லையென்றால் இருவரும் மேலே வந்துவிடவேண்டும். இந்த ஒப்பந்தத்தைப் படகிலேயே பேசிவையுங்கள்.

முகமூடிக்குள் தண்ணீர் புகுகிறது. மீசையை எடுக்கச் சொல்கிறார்கள். மானப் பிரச்சினை. (மீசைக்காரர்)

முழுதும் வேண்டாம். மூக்குக்குக் கீழே முகமூடி உட்காரும் இடத்தில் ஒரு கோடு வழித்தால் போதும். கீழ்ப்பாதி மீசையோடு மானமும் பத்திரமாக இருக்கும்.

அந்தமானுக்கு முன்னால் புதுச்சேரியில் காலையில் ஒத்திகை டைவ் முடித்துவிட்டு, மாலையில் திருமலை ஏறி மொட்டை போட உத்தேசம். சரிதானே? (பக்தர்)

மொட்டை சரி, முகமூடிக்குள் முடி சிக்காது. மலைதான் உதைக்கிறது. திருமலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம். ஆழத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டைப் பிடிக்கும், சில சமயம் நரம்பையும். விமானத்துக்குச் சொல்கிற விதி மலைக்கும் பொருந்தும்: ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் குறைந்தபட்ச இடைவெளி. இலவச தரிசன வரிசையிலேயே 18 மணி நேரம் ஆகிவிடுமே என்று வாதாடாதீர்கள். அந்த வரிசை மலைமேல் நிற்கிறது. இரவு கீழே திருப்பதியில் தங்கி மறுநாள் ஏறுங்கள்.

வீட்டுக்காரரை நம்பி அனுப்பலாமா? என்ன கேட்டுப் பார்க்கட்டும்? (இல்லத்தரசி)

அம்மா, நான்கு கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு ஆழம்? எந்த அளவு காற்றில் திரும்புவீர்கள்? ஜோடியைத் தவறவிட்டால் என்ன ஒப்பந்தம்? படகில் யார் இருப்பார்? முதல் மூன்றுக்கும் பெரும்பாலானவர்கள் பதில் வைத்திருப்பார்கள், நான்காவதற்குத்தான் விழிப்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தில், மூழ்குகிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்கிற கணக்கு. டிரிஃப்ட் டைவில் கயிறே கிடையாது. குமிழியையும் ஆரஞ்சுக் குழலையும் பார்த்தபடி பின்னால் வருகிற படகோட்டிதான் மச்சான். அவருடைய பெயரை, எத்தனை வருடமாக அந்தப் பாறையில் படகோட்டுகிறார் என்பதை, வீட்டுக்காரர் விசாரித்து வைத்திருந்தால் பெட்டியைக் கட்டிக்கொடுங்கள். இல்லையென்றால் பெட்டியைப் பரணிலேயே விட்டுவையுங்கள். அடுத்த அஷ்டமிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.