முத்திரை குத்திய குடும்பம்

துபாய்க்கு வாத்தியார் வேலைக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமை. சம்பளத்துக்காக அல்ல, குடும்பத்தையே அரசாங்கம் ருசுப்படுத்திக் கொடுக்கிறதே, அதற்காக.

நம் ஊர்க் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் சாட்சி. என்ன பயன்? எல்லோரும் சாப்பிட வந்தவர்கள். அங்கே மனைவியை அழைத்துக்கொள்ள, திருமணச் சான்றிதழை முதலில் மாநில அரசு பார்க்கும். அது பார்த்ததை நம் வெளியுறவு அமைச்சகம் பார்க்கும். அமைச்சகம் பார்த்ததை அமீரகத் தூதரகம் பார்க்கும். தூதரகம் பார்த்ததை அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம் பார்க்கும். இத்தனை முத்திரைக்குப் பிறகு எந்தத் தம்பதிக்காவது சண்டை போட மனம் வருமா?

குழந்தை அங்கேயே பிறந்தால் இன்னும் விசேஷம். 120 நாளுக்குள் பாஸ்போர்ட், விசா எல்லாம் முடித்தாக வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்குப் புகைப்படம்: வெள்ளைப் பின்னணி, திறந்த கண், மூடிய வாய். வெள்ளை விரிப்பில் கிடத்தி அப்பா சாவிக்கொத்தை ஆட்ட, அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்போனைத் தட்டுவார். பிள்ளை கொட்டாவி விடும். மறுபடியும் சாவிக்கொத்து.

இந்தச் சரிபார்ப்பை இன்னும் விரிவாக்கலாம். ‘பாட்டி சாயல்’ என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறார்களே, மூக்குக்கு ஓர் அலுவலகம், காதுக்கு ஓர் அலுவலகம் வைத்தால் குறைந்தா போய்விடும்?

இவ்வளவும் தாண்டி, நொந்து நூலாகி அங்கே குடியேறிய கணக்கு வாத்தியார் ஒருவரை அறிவேன். போன வாரம் நாலாம் வகுப்புப் பையன் காய்ச்சல் என்று கடிதம் நீட்டினான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கொதித்தது.

“டாக்டர் சீல் எங்கேப்பா?” என்றார்.