புள்ளை ஏன் சிணுங்குது?

வளவனூரில் நான் வளர்ந்த தெருவில் ஒரு கைப்பிள்ளை இடுப்பைவிட்டு இறங்காமல் சிணுங்கினால் போதும், காரணம் சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். குடலேத்தம் என்பார் ஒருவர். உரம் விழுந்திருக்கிறது என்று பழம்புடவையில் பிள்ளையைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டுவார்கள் இருவர். கண்ணு பட்டிருக்கிறது என்று உப்பும் மிளகாயும் தெருமண்ணும் சுற்றி அடுப்பில் போடுவார் இன்னொருவர். மிளகாய் நெடி வரவில்லையென்றால் கண்ணேறு உறுதி. எதுவும் பொருந்தாவிட்டால் பல் முளைக்கிறது என்று முடித்துவிடுவார்கள்.

என் ஆயா இதில் எதையும் மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அவள் செய்வது வேறு. வெயில் விழும் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையின் துணியை எல்லாம் கழற்றிவிடுவாள். "வாய் பேசாத புள்ள, ஒடம்புதான் சொல்லணும்" என்பாள். காதுக்கு முன்னால் லேசாக அழுத்துவாள். பிள்ளை தலையை வெடுக்கென்று இழுத்தால் காதுவலி. அக்குள், தொடை மடிப்பு, அரைஞாண் கயிறு அழுத்திய தடம், கடைசியில் ஒவ்வொரு கால்விரலாக. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று இரவெல்லாம் வீறிட்டு அழுது, மந்திரித்துத் தாயத்தும் கட்டியாகிவிட்டது. ஆயா பார்த்தபோது இரண்டாவது கால்விரல் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. அதன் அடியில், சதைக்குள் புதைந்து, ஒரு தலைமுடி சுற்றிக் கிடந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டும், அதில் ஒன்று. ஊசிமுனையால் நெம்பி அறுத்தாள். அரைமணி நேரத்தில் குழந்தை தூங்கிவிட்டது. அடங்காமல் அழும் குழந்தையின் துணியைக் கழற்றி, விரல் விரலாகத் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று பார்க்கும்படி இன்று குழந்தை மருத்துவம் படிப்பவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். ஆயா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள்.

எல்லாவற்றையும் திண்ணையில் கண்டுபிடித்துவிட முடியாது. விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தமும் சளியுமாகப் போனால், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வரும் இந்தக் கோளாறுக்குச் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போக வேண்டும். அதையும் குடலேத்தம் என்று எண்ணி வயிற்றை நீவிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. அப்போது புதுச்சேரிக்குப் பஸ் பிடித்து ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2010இல்தான்.

என் தங்கை மண் தின்றாள். சுவர் சுண்ணாம்பைச் சுரண்டி நக்குவாள். எதற்கெடுத்தாலும் அழுகை, யார் தொட்டாலும் எரிச்சல். அடி விழுந்தது, விரல்களில் வேப்பெண்ணெய் தடவினார்கள். ஆயா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "கண்ணு வெளுத்துக் கெடக்குடி. மண்ணு திங்கறது கொழுப்பு இல்ல, சோகை." கரிசலாங்கண்ணி அரைத்துக் கொடுத்தாள். தெளிந்தது என்னவோ ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் கொடுத்த பிறகுதான். செருப்பில்லாத கால், வெளிக்குப் போன திடல். கொக்கிப்புழு கால்தோல் வழியே ஏறிக் குடலில் தொங்கி ரத்தம் குடிக்கும். இரும்புச் சத்து குறைந்த உடம்பு மண்ணைக் கேட்கும். மண்ணோடு வேறு புழுக்களின் முட்டையும் உள்ளே போகும்.

இப்போது என் பேரனுக்கு ஒன்றரை வயது. டைல்ஸ் தரை, கழிப்பறை, வாசலுக்கும் செருப்பு. மண்ணை அவன் கையால் தொட்டதுகூட இல்லை. அவனும் சிணுங்கினான். ராத்தூக்கம் இல்லை, சோற்றைத் துப்பினான், மலம் இறுகிப்போய் முக்கி முக்கி அழுதான். "பல்லு வருதும்மா" என்றாள் மகள். கிரைப் வாட்டர் வந்தது, செல்போன் புதுப்புதுக் காரணங்களை அடுக்கியது. ஒரு காலைவேளை ஜன்னலோரம் அவனை மடியில் போட்டுக் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

விழுப்புரத்துக் குழந்தை மருத்துவர் முதலில் கேட்டது, "பால் எவ்வளவு குடிக்கிறான்?" என்றுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் வாயில் பால்புட்டி, இடையில் பிஸ்கட். மாட்டுப்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாது. வயிறு நிறைந்துவிடுவதால் சோறும் இறங்காது. ஹீமோகுளோபின் 8. கணக்கெடுப்புகளில் 11க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் 51. அன்று மண் தின்றவளுக்கும் இன்று மண்ணே தொடாதவனுக்கும் ஒரே நோய் என்பது என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. இத்தனை மருந்துக்கடை, இத்தனை ஸ்கேன் சென்டர் இருக்கும் ஊரில்!

பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது, அதுவும் டம்ளரில் என்றார் மருத்துவர். இரும்பு மருந்தைப் பாலோடு கொடுக்காமல், எலுமிச்சையோ ஆரஞ்சோ சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். முட்டை, கீரை, பருப்பு பிசைந்த சோறு. மலம் கறுப்பாகப் போனதும் மகள் பயந்துவிட்டாள். இரும்பு மருந்துக்கு அப்படித்தான் போகும். இரண்டு மாதத்தில் சோற்றுக் கிண்ணத்தை அவனே இழுக்க ஆரம்பித்தான்.

இதே இரும்பு மருந்தை 6 மாதம் ஆன எல்லாக் குழந்தைகளுக்கும் வாரம் இரண்டு முறை 1 மி.லி. வீதம் கொடுக்கச் சொல்லி அரசு இலவசமாகவே தருகிறது. பல் கறுத்துவிடும் என்று பயந்து பாட்டிலைத் திறக்காமலே வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். நாக்கின் பின்புறமாக விட்டு, வாயைத் தண்ணீரில் துடைத்துவிட்டால் பெரிதாகக் கறை படியாது. ஆகஸ்டில் அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள். ஒரு வயது முடிந்து இரண்டு வயது ஆகாதவர்களுக்கு அரை மாத்திரை, பொடித்துக் கொடுக்க வேண்டும். டைல்ஸ் வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு என்று மகள் கேட்டாள். நானே அவனைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன்.