பன்றிக்கு வைத்த விருந்து

நற்றிணையின் 98-ஆம் பாட்டில் ஒரு பன்றி வருகிறது. தினைப்புனத்துக்குள் நுழையும் இடுக்கிலேயே பொறி வைத்திருக்கிறார்கள். தலையை நீட்டப்போகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒரு பல்லி சத்தம் போடுகிறது. சகுனம் சரியில்லை என்று பன்றி மெல்லப் பின்வாங்கி, குகைக்கே போய்ப் படுத்துவிடுகிறது. 119-ஆம் பாட்டில் புனத்துக்காரன் விடுவதாக இல்லை. பெரிய கல்லையே நிறுத்திப் பொறி வைக்கிறான். தினை தின்ற பன்றி ஓடிவிட, மாட்டிக்கொள்வது புலி. புலிக்கும் தினைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வாளையாற்றிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி வரைக்கும் உள்ள எல்லை மலைகளின் அடுத்த 2,000 வருடச் சரித்திரம் இந்த இரண்டு பாட்டிலேயே முடிந்துவிட்டது. பொறியின் மேல் பன்றியின் விலாசம்தான் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்குகிறவர் எப்போதும் வேறு யாரோ.

பிறகு துரைமார் வந்தார்கள். தேயிலையைப் பன்றி தின்னாது என்பதால் அவர்களுக்கு அதனோடு சொந்தப் பகை இல்லை. ஆத்திரமெல்லாம் செந்நாயின் மேல். கடமானைச் சுடும் பாக்கியம் தனக்கே என்று துரை நினைத்திருக்க, லைசென்ஸ் வாங்காத ஒரு கூட்டம் அதை அடித்துத் தின்றால் எப்படிப் பொறுப்பார்? செந்நாய்த் தலைக்குச் சன்மானம் வைத்தார்கள். இறைச்சியில் ஸ்ட்ரிக்னைன் தடவி வைப்பதும் நடந்தது. ஸ்ட்ரிக்னைன் என்றதும் பயப்பட வேண்டாம், நம்மூர் எட்டிக்கொட்டைதான். மலபார்க் கரையில் கப்பலேறிச் சீமைக்குப் போய், பொடியாகி, சீசாவில் லேபிளோடு வந்தால் மரியாதையே தனி. இதில் ஒரு சங்கடம்: பன்றிக்குட்டி என்றால் செந்நாய்க்கு உயிர். குட்டி தின்கிறவனை விஷம் வைத்து ஒழித்துக் கொடுத்ததால், இந்த மலைகளில் நடந்த முதல் பன்றி வளர்ப்புத் திட்டம் துரைமாருடையது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது திட்டம் பட்டம் தாணு பிள்ளையுடையது. 1954-55-இல் திருவிதாங்கூர்-கொச்சி முதல்வராக இருந்தபோது, மலையில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் என்று குடியேற்றம் தொடங்கினார். உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க என்றது அரசு. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட தமிழர்களோ, தங்கள் தலைக்கணக்கைச் சிறுபான்மை ஆக்கத்தான் என்றார்கள். இரண்டு பேருமே பன்றியைக் கணக்கில் எடுக்கவில்லை. காட்டை வெட்டி, மண்ணைக் கிளறி, மரவள்ளியும் சேம்பும் நட்டு ஒரு பந்தியே போட்டுவிட்டு, சாப்பிட வந்தவனைக் கள்ளன் என்றால் எப்படி? அதனிடம் பட்டயம் இல்லைதான். குடியேறியவர்களில் பலருக்கும் பல்லாண்டுகள் பட்டயம் கிடைக்கவில்லை.

அப்புறம் வந்தது பூச்சிமருந்துக் காலம். வாழைக்கன்று நடும் குழியில் போடுகிற ஃபுரடான் குருணை, இருட்டிய பிறகு வேலியோரத்துக்கும் போக ஆரம்பித்தது. பன்றியின் மூக்கு மண்ணுக்குள் புதைந்த கிழங்கையே மேலிருந்து கண்டுபிடிக்கிற மூக்கு. தப்பித் தின்றாலும் வாந்தி எடுக்கத் தெரிந்த பிராணி. காலையில் விறைத்துக் கிடப்பது பக்கத்து வீட்டு நாயாகவோ, காக்கையாகவோ இருக்கும். 2011-இல் கேரளம் ஃபுரடான் உட்பட ஒரு கூட்டம் மருந்துகளுக்குத் தடை போட்டது. அந்தத் தடையும் வாளையாற்றுச் சோதனைச் சாவடியோடு நின்றுவிட்டது. தாண்டித் தமிழ்ப் பக்கம் போனால் அதே குருணை, முறையான பில்லோடு.

விஷம் போனால் வெடி, தீனிக்குள் ஒளித்து வைப்பது. தமிழ்ப் பக்கத்தில் அவுட்டுக்காய், மலையாளப் பக்கத்தில் பன்னிப்படக்கம். 2020 மே மாதம் மன்னார்க்காட்டுக்குப் பக்கத்தில், திருவிழாங்குன்றில், அதைக் கடித்தது ஒரு கர்ப்பிணி யானை. வாய் சிதைந்து, வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை முக்கியபடி நின்று, 27-ஆம் தேதி செத்தது. அதை வைத்துச் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிக்க வைத்தவர்கள் மனிதர்கள். நடந்தது பாலக்காடு மாவட்டத்தில். டெல்லியில் மேனகா காந்தி திட்டியது மலப்புறத்தை. வெடி இருந்தது அன்னாசிப்பழத்திலா தேங்காயிலா என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது. தேங்காய் என்று விசாரணை சொன்னபோது, அன்னாசியோடு யானை வரைந்த படங்கள் எல்லார் போனிலும் வந்து சேர்ந்திருந்தன. பன்றியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமுக்குப் பக்கத்து வயலில், பன்றிக்கு வைத்த மின்கம்பியில் இரண்டு போலீஸ்காரர்கள் உயிர்விட்டார்கள். அதே மாதம் கேரள அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது: பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் இனிப் பஞ்சாயத்துத் தலைவருக்கு. விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது, துப்பாக்கி மட்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று மனு வாங்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மரண தண்டனை விதிக்கும் பதவி. தண்டனையை நிறைவேற்றத் துப்பாக்கி லைசென்ஸ்காரர் ஊரில் உண்டா என்று தேடுவதும் அவர் பாடுதான்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் குறைவில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு ஒரு கணக்குச் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதைத் தாண்டினால் வனத்துறை சுடலாம். ஆயுள் நீள வேண்டுமானால் பன்றி நில அளவை படிக்க வேண்டும்.

நாமாவது பரவாயில்லை என்று நினைக்க வைப்பவர்கள் டெக்சாஸ்காரர்கள். 2017-இல் அங்கே வேளாண் ஆணையர் சிட் மில்லர், பன்றிகளுக்குப் பிரளயம் வந்தது என்று முழங்கி, வார்ஃபரின் கலந்த தீனிக்கு அனுமதி கொடுத்தார். எலிக்கு விஷம், இதய நோயாளிக்கு மாத்திரை, இரண்டும் ஒரே சரக்குதான். தின்ற பன்றியைத் தெரியாமல் யாரும் சமைத்துவிடக் கூடாதென்று சாயம் வேறு, கொழுப்பு நீலமாகிவிடும். முதலில் எதிர்த்துக் கிளம்பியவர்களில் பன்றி வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். நீலப் பன்றியை எவன் தின்பான்? சில வாரங்களில் தீனி தயாரித்த கம்பெனியே பின்வாங்கியது. அடுத்த வருடம் வேறு மருந்தைப் பரிசோதித்தார்கள். பன்றிகள் தின்னும்போது சிந்திய தீனியைப் பொறுக்கிப் பறவைகள் செத்தன.

கேரளத்தில் இப்போது சண்டை கறியைப் பற்றி. சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, புதைக்க வேண்டும் என்பது விதி. தின்ன விட்டாலே தொல்லை தீர்ந்துவிடும் என்று 2025-இல் வேளாண் அமைச்சர் பி. பிரசாத்தே சொல்லிப் பார்த்தார். விதி அசையவில்லை. சுடுகிறவருக்கு 1,500 ரூபாய், புதைப்பதற்கு 2,000 ரூபாய் என்று அரசு விகிதம் போட்டுத் தந்திருக்கிறது. குறி தப்பாமல் சுடுவதைவிடக் குழி வெட்டுவதில் 500 ரூபாய் அதிகம் கிடைக்கும்.