உறுமியும் உத்தியோகமும்

கேள்வி: கோயில் கொடையில் உறுமி கேட்டு வளர்ந்த என் மகள், ஓசையின் கணிதத்தை ஆராயப் போகிறேன் என்கிறாள். அதில் சோறு உண்டா?
– ஒரு வாசகர், குருவிகுளம்

பதில்: உண்டு, பந்தியில் சற்றே காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1913-இல் திருச்சூரில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியில் பயின்று, ஆனந்தராவிடம் கணித ஆராய்ச்சி கற்ற மீனாட்சிசுந்தரம், அத்தனை மேதையிருந்தும் ஸ்திரமான உத்தியோகம் வாய்க்காமல் சில காலம் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லி ஜீவித்தவர். நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. பின்னர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார், பிரின்ஸ்டனுக்கும் போய்வந்தார். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைகுச்சியால் உரசும்போது எழும் முழக்கம் பல அதிர்வுகளின் சேர்க்கையல்லவா? அத்தகைய அதிர்வெண்களின் வரிசைக்குள் அதிரும் வடிவத்தின் பரப்பும் வளைவும் பொதிந்திருப்பதைக் காண வழி திறந்தது, அவர் ஸ்வீடன் தேசத்துப் பிளெயெலுடன் 1949-இல் வெளியிட்ட ஆய்வு. 1968-இல் சிம்லாவில் அவர் காலமானார். அந்த ஆய்வோ வடிவியலாரும் பௌதிக சாஸ்திரிகளும் இன்றும் எடுத்தாளும் பொக்கிஷம். அடுத்த கொடையில் மகளை உறுமிக்காரர் பக்கத்திலேயே நிறுத்துங்கள். கையில் ஒரு நோட்டும் கொடுங்கள்.