பின்பாட்டு இல்லாத மேடை

ஒன்பது மாதம் நான் இயக்குநராக இருந்தேன். பகலில் ஒரு அலுவலகத்தில் ரசீது சரிபார்க்கிறவன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பதினோரு பேரை அதட்டுகிறவன். அதற்கு முன்பெல்லாம் கிதாரும் கையுமாக, நானே எழுதிய பாட்டுகளைக் கூப்பிட்ட இடத்திலும் கூப்பிடாத இடத்திலும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தேன்.

நாடகத்தை எழுதியதும் நான்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யைப் பாட்டும் வசனமுமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். அதை ஒத்திகையில் ஐந்து முறையாவது சொல்லியிருப்பேன். என்னுடைய ஐம்பது நிமிட நாடகத்துக்கு ஏழு மாதம் பிடித்ததை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வசனம் மறந்தால் வரிக்குப் பத்து ரூபாய் அபராதம் என்று சட்டம் வேறு. கான்ஸ்டபிளாக நடித்த தம்பி மட்டும் முந்நூறு ரூபாய்க்கு மேல் கட்டினான். அந்தக் காசில்தான் எல்லோரும் டீ குடித்தோம். அதிகம் குடித்தது நான்.

நாடகம் இரண்டு தடவை மேடையேறியது. சுமார்தான். எது சொதப்பினாலும் பழி போட ஆள் இருந்தது. லைட் போட்டவன், திரை இழுத்தவன், கான்ஸ்டபிள்.

போன மாதம் மறுபடி தனிக் கச்சேரி. மதுரையில் ஒரு மொட்டைமாடி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. பழகிப் பார்க்கவில்லை. நான் எழுதின பாட்டுதானே!

கிதாரில் சுருதியை ஏற்றும் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்ட வேண்டும். பதற்றத்தில் நான்காவதில் மாட்டியிருக்கிறேன். இரண்டு கட்டையில் பாட வேண்டிய பாட்டு மூன்று கட்டைக்கு ஏறிவிட்டது. பல்லவியை எப்படியோ தாண்டினேன். அனுபல்லவியில் மேலே போனபோது என் தொண்டையிலிருந்து வந்தது பிரஷர் குக்கருக்குச் சொந்தமான ஒலி. முன்வரிசைக் குழந்தை ஒன்று அம்மாவைப் பார்த்தது.

அடுத்து இடையிசை. வாசித்து முடித்துவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தபடி நின்றேன். நாடகத்தில் இந்த இடையிசை முடிகிற இடத்தில்தான் கான்ஸ்டபிள் உள்ளே வருவான். இங்கே இடது பக்கம் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

திரும்பி மைக்குக்கு வந்தால் சரணம் காணோம். நாலு வரியும் துடைத்தெடுத்த மாதிரி.

எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வேறு வேறு ஊர்க்காரர்களாக இருப்பார்கள். தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள், ஒத்திகையே கிடையாது. விடிய விடிய நடத்திவிடுவார்கள். ஒருவர் தடுமாறினால் ஆர்மோனியக்காரர் பின்பாட்டில் தூக்கிக் கொடுப்பார். ஒத்திகை இல்லாத விஷயத்தில் நானும் அவர்களும் ஒன்றுதான். அவர்களுக்குத் தொழில் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேறு வழியில்லாமல் சரணம் முழுவதையும் 'லலலா' என்றே பாடினேன். பின்னால் இரண்டு பேர் கூடவே பாடினார்கள். அன்றைக்குப் பிடித்த பாட்டு எது என்று பிறகு விசாரித்தபோது அவர்கள் சொன்னதும் அந்த இடத்தைத்தான். நான் எழுதிய ஒரு வரியும் இல்லாத இடம்.

முடிந்ததும் வணங்கப் போனேன். பழக்கதோஷம், கோத்துக்கொள்ள இரண்டு பக்கமும் கையை நீட்டிவிட்டேன். வலது பக்கம் மைக் ஸ்டாண்டு கிடைத்தது. இடது பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டாண்டோடு சேர்ந்து குனிந்தேன், ஸ்டாண்டு நிமிரவில்லை.

படியிறங்கும்போது கான்ஸ்டபிள் தம்பி நின்றுகொண்டிருந்தான். கடைசி வரிசையில் இருந்திருக்கிறான். கட்டிப்பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். உள்ளங்கையை நீட்டினான்.

"நாலு வரிண்ணே. நாப்பது ரூவா."

சில்லறையாக முப்பத்தைந்துதான் இருந்தது. மீதி அஞ்சு ரூபாயைக் கடன் என்று செல்போனில் குறித்துக்கொண்டான்.