என்ன மரம் சார்?

தட்டில் கோழித்தொடை விழுந்தால் மனிதன் கடிக்க வேண்டும். போன சனிக்கிழமை எங்கள் கொல்லைப்புறத்தில் நின்றிருந்த நண்பர் கடிக்கவில்லை. மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணை மூடினார். "என்ன மரம் சார், ஹிக்கரியா? இல்ல, பீக்கனா?" என்றார். ஆப்பிள் என்றேன். "அதான பாத்தேன், ஒரு இனிப்பு தெரியுதே!" என்றார். நான்கு நாள் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

டாலஸ் புறநகரில் வீடு வாங்கும் தமிழனுக்கு முதல் வருஷம் கறிவேப்பிலைத் தொட்டி, இரண்டாம் வருஷம் பிள்ளைகளுக்கு ட்ராம்போலின், மூன்றாம் வருஷம் பெல்லட் கிரில் என்று விதித்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் நிற்கும். அதனால் முன்னுரையெல்லாம் வேண்டாம். தோல் மொறுமொறுவென்று இருக்கும்படி அதில் கோழித்தொடை சுடுவது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த மர விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

பெல்லட் என்பது மரத்தூள். மர அறுவை மில்லில் மிஞ்சும் தூளை அழுத்தி, சுண்டுவிரலைவிட ஒல்லியாக, குச்சி குச்சியாக நறுக்கிப் போடுகிறார்கள். பசை கிடையாது. அழுத்துகிற சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி ஒட்டிக்கொள்கிறது. முதலில் இது வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்கிற சின்ன ஊரில் ஜோ ட்ரேகர் என்பவர் அதில் கறி சுடலாம் என்று கண்டுபிடித்து, 1986இல் காப்புரிமையும் வாங்கினார். 2006இல் அது காலாவதியானது. அதன்பிறகு ஆளாளுக்குச் செய்து விற்க, சுற்றி வளைத்து என் கொல்லைக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

மூட்டையில் கொட்டை எழுத்தில் ஆப்பிள் என்று போட்டிருக்கும். பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பல மூட்டைகளில் பெரும்பங்கு ஓக்கோ ஆல்டரோதான். ஆப்பிள் மரம் பெயருக்குக் கொஞ்சம். இன்னொன்று, இந்த யந்திரத்தில் விசிறி ஓயாமல் ஊதுகிறது, தூளும் நன்றாக எரிந்துவிடுகிறது. சூடு ஏற ஏறப் புகை குறையும். 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மாட்டிறைச்சியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போட்டு வைத்தால் புகை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். நான் கோழியைச் சுட்டது 400இல். அந்தச் சூட்டில் புகை கண்ணுக்கே தெரியாது. நண்பர் மோந்தது என் மிளகாய்த்தூளை.

இந்த மர ஞானம் நமக்கு எப்போது வந்தது? ஊரில் இருந்தவரை வேப்ப மரத்துக்கும் புங்க மரத்துக்கும் வித்தியாசம் கேட்டால் முழித்த கூட்டம் இது. இப்போது ஒருவர் கராஜில் ஆறு வாளி வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் லேபிள்: செர்ரி, மேப்பிள், பீக்கன், ஹிக்கரி, ஓக், மெஸ்கீட். மீனுக்கு ஆல்டர் இல்லாமல் ஆகாது என்று ஏழாவது வாளிக்கு அலைகிறார். வாட்ஸாப் குழுவில் செர்ரியும் ஹிக்கரியும் பாதிக்குப் பாதியா, மூன்றுக்கு ஒன்றா என்று நள்ளிரவு வரை சண்டை. அதில் ஒருவர் சைவம். பனீருக்காகச் சண்டை போடுகிறார்.

மத்திய டெக்ஸாஸ்காரன் போஸ்ட் ஓக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி முழுக்க விழித்திருந்து கட்டை கட்டையாக நெருப்புக்கு ஊட்டுகிறவன் அவன். ஆஸ்டினில் அந்தக் கறிக்கு விடிகாலையிலேயே நாற்காலி போட்டு வரிசையில் உட்காருகிறார்கள். நாம் பட்டனை அமுக்கிவிட்டு உள்ளே போய் சீரியல் பார்க்கிறவர்கள். நமக்கு என்ன மரம் வேண்டிக்கிடக்கிறது?

என் கொல்லையில் மரத்தைச் சரியாகச் சொன்னவர் ஒரே ஆள். மாமனார். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், கரிமூட்டம் போடுகிற சீமை. கோடையில் வந்திருந்தார். அன்றைக்கு மெஸ்கீட் போட்டு மூட்டினேன். மூட்டும்போது மட்டும் வருமே, அந்த முதல் வெள்ளைப்புகை, அது வாசல் வரை போயிருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "என்ன மாப்ளே, சீமைக்கருவேல வாசமா அடிக்குது?" என்றார். உண்மைதான். மெஸ்கீட்டும் சீமைக்கருவேலமும் பங்காளிகள். நம்மூருக்கு 1870களில் கொண்டுவந்த விதை கண்மாய் கண்மாயாகப் பரவி, 2017இல் மதுரை ஹைகோர்ட்டே அதை வெட்டி எறியச் சொல்லி உத்தரவு போடும் அளவுக்குப் போனது. இங்கே டெக்ஸாஸ் மாட்டுப்பண்ணைக்காரர்களும் அதைத் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தை அது வளைத்துப்போட்டுவிடுமாம். மாமனார் மூட்டையைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார். இருபது பவுண்டு, ஏறக்குறைய இருபது டாலர் என்றேன். கிலோவுக்கு என்ன என்று ரூபாயில் போட்டுப் பார்த்தார். "கோர்ட்டே வெட்டச் சொன்னதைக் காசு குடுத்து வாங்குறீகளா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி சாப்பாடு வரை வேறு பேச்சில்லை. நடுவில் ஒரு தரம் எழுந்துபோய், அடுப்பின் வால் ப்ளக்கில் செருகியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கரண்ட் போனால் விறகடுப்பு அணையும் என்பதை அவருக்குச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எங்கே விட்டேன்? கோழி. கோழிக்கு முன்னால் சாம்பல் இருக்கிறது.

என்ன மரம் என்று கேட்கிற யாரும் அந்த மரம் எரிந்தபிறகு என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு, காரில் ஏறிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குனிபவன் நான். முதலில் கம்பித்தட்டு, அதன்கீழே கொழுப்பு வழிகிற தகடு, அதற்கும் கீழே இன்னொரு தகடு, எல்லாவற்றையும் கழற்றினால் அடியில் ஒரு டம்ளர் அளவுக்குக் கிண்ணம். நெருப்பு எரிகிற இடம் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத் திருகுத்தண்டு பெல்லட்டைத் தள்ளும். கிண்ணத்தில் சாம்பல் நிறைந்துவிட்டால் அடுத்த தடவை நடுவில் அணைந்துவிடும். வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். ஆறிப்போனபிறகு, முழுக்க ஆறிப்போனபிறகு. ஒரு கங்கு உள்ளே போனால் வேக்குவமே பற்றிக்கொள்ளும். சுவரோரம் பென்சில் மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், சூடு அளக்கிற கம்பி. அதில் படிந்த கரியைத் துடைக்காவிட்டால் தப்புக் கணக்குச் சொல்லும். கொழுப்புத் தகட்டை விட்டுவைத்தால் ஒருநாள் அதுவே எரியும். பெல்லட்டில் தண்ணீர் பட்டால் உப்புமாவாகப் பொங்கி, திருகுத்தண்டுக்குள்ளேயே காய்ந்து கல்லாகும். பிறகு உளி எடுக்க வேண்டியதுதான்.

நடுவில் அணைந்ததை அப்படியே மறுபடி மூட்டக்கூடாது. கிண்ணத்தில் எரியாத பெல்லட் குவிந்திருக்கும். அதை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பட்டனைத் தொட வேண்டும். பக்கத்துத் தெரு நண்பர் தொட்டுவிட்டார். வெள்ளையும் மஞ்சளுமாகக் கொஞ்ச நேரம் புகைந்து, பிறகு மொத்தமாகப் பற்றி, மூடி டம்மென்று எம்பியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. அன்றைக்கும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற ஒருவர், "ஹிக்கரியா?" என்றாராம்.

முடிந்ததும் ஒயரைப் பிடுங்கி எறிய முடியாது. அணைக்கும் பட்டனை அழுத்தி, விசிறி ஓடி முடிக்கும்வரை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு பின்பக்கமாகவே ஊர்ந்து பெல்லட் பெட்டிக்குப் போகலாம். மூட்டுவதற்கும் பட்டன் மட்டும் போதாது. போனில் உள்ள ஆப் முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வாசலில் விருந்தாளி, மேசையில் மசாலா தடவிய கறி, அடுப்பு என்னவோ 'மென்பொருள் இறங்குகிறது' என்கிறது.

சரி, கோழி. தொடையை முந்தின ராத்திரியே உப்புத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில்... மழை தூறுகிறது. பெல்லட் பெட்டி நிறைய இருக்கிறது, கவர் போடவில்லை. கவரும் அடுப்போடு வராது. அதற்குத் தனி விலை.